தேவ ஆளுகையும் மனுஷ சித்தமும்: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எட்டு வார வேத வகுப்பு

யாத்திராகமம் 4 முதல் 14 வரை அச்சடித்த தாள்கள், மூன்று நிறப் பென்சில். இரண்டாம் வாரம் இப்படித்தான் தொடங்குகிறது. வகுப்புக்குக் கட்டிய 60 ரிங்கிட் அந்த ஒரு சனிக்கிழமையிலேயே வசூலாகிவிடுகிறது.

பார்வோனின் இருதயம் கடினப்பட்டதைச் சொல்லும் ஒவ்வொரு வசனத்துக்கும் நிறம் தீட்ட வேண்டும். கர்த்தர் கடினப்படுத்தினார் என்றால் சிவப்பு, பார்வோன் தானே கடினப்படுத்தினான் என்றால் நீலம், யார் என்று சொல்லாமல் "கடினப்பட்டது" என்று மட்டும் இருந்தால் பச்சை. தீட்டி முடித்ததும் தாளே பேசுகிறது. 4:21, 7:3 இரண்டும் சிவப்பு. ஆனால் அவை "செய்வேன்" என்ற முன்னறிவிப்பு. கோல் சர்ப்பமான அடையாளம் தொடங்கி, எகிப்தின்மேல் வந்த வாதைகளில் ஐந்தாவது வரைக்கும் பச்சையும் நீலமும்தான் (7:13, 7:22, 8:15, 8:19, 8:32, 9:7). "கர்த்தர் கடினப்படுத்தினார்" என்று நடந்த செயலாக முதலில் வருவது ஆறாம் வாதையில், 9:12. அதற்குப் பிறகும் 9:34 மறுபடி நீலம். பார்வோன் முந்திக்கொண்டான் என்பவருக்கும் ஆதாரம் உண்டு, தேவன் முன்பே தீர்மானித்தார் என்பவருக்கும் உண்டு. நடத்துகிற போதகர் எந்தப் பக்கமும் அவசரமாகச் சாயவில்லை. தேவன் தமக்குச் சித்தமானவனைக் கடினப்படுத்துகிறார் என்று பவுல் சொல்லும் ரோமர் 9ஐ முதலில் எடுத்து, அதைக்கொண்டு யாத்திராகமத்துக்கு அர்த்தம் சொல்லும் வழக்கமான குறுக்குவழியையும் அவர் தொடவில்லை. இது பெரிய காரியம்.

எபிரெயத்தில் மூன்று வினைகள் இருக்கின்றன என்பதையும் அந்த வாரமே சொல்லிவிடுகிறார்கள். ஹாசாக் என்றால் உறுதியாக்குதல், காவேத் என்றால் பாரமாக்குதல், காஷா என்றால் கடினமாக்குதல். நம் பழைய மொழிபெயர்ப்பில் மூன்றும் "கடினம்" என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. 9:12ல் உள்ளது ஹாசாக். ஏற்கெனவே பார்வோன் பிடித்திருந்த பிடிவாதத்தைக் கர்த்தர் உறுதிப்படுத்தினார் என்று அதை வாசிக்க இடமுண்டு. தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு இந்த வாசல் தெரியவே தெரியாது.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் மூன்றாம் வாரம் இன்னும் நல்லது. ஆதியாகமம் 50:20ல் யோசேப்பு, "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்கிறான். தேவனோ அதை "நன்மையாக முடியப்பண்ணினார்" என்று தொடர்கிறது தமிழ். மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைதான்: நீங்கள் தீமையாக நினைத்தீர்கள், தேவன் நன்மையாக நினைத்தார். தமிழை மட்டும் பார்த்தால், சகோதரர்கள் கெடுத்ததைத் தேவன் பிறகு சரிசெய்தார் என்று தோன்றும். மூலத்திலோ ஒரே செயலுக்குள் இரண்டு நோக்கங்கள் சேர்ந்தே ஓடுகின்றன. மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வசதி. இந்தோனேசிய மொழியின் தெர்ஜெமாஹான் பாரு வேதாகமத்தில் "மெரேக்கா-ரேக்காக்கான்" என்ற சொல் இரண்டு பக்கமும் அப்படியே வருகிறது. தமிழ் வேதாகமம் வாசிக்கத் திணறுகிற இளையோர் அதைக் கையில் எடுத்து வந்தால், அந்த வாரம் பெரியவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுக்கலாம்.

"முன்குறித்தல் நம்ம தலையெழுத்து மாதிரிதானே ஐயா?" என்ற கேள்வி இப்படி ஒரு வகுப்பில் எழாமல் இருக்காது. நான்காம் வாரம் முழுவதும் அதற்கே. முன்குறித்தல் என்றால் தேவன் முன்கூட்டியே தீர்மானித்துத் தெரிந்துகொள்வது. ஊழ் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, வினைக்குப் பலனாக வருகிறது. எபேசியர் 1:5 சொல்லும் முன்குறித்தல் ஒரு தகப்பனின் தயவுள்ள சித்தம், அதன் இலக்கு "சுவிகாரபுத்திரர்", அதாவது தத்தெடுத்த பிள்ளைகள், ஆக்குவது. இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். குறளிலேயே ஊழுக்கு ஓர் அதிகாரமும் (38) ஆள்வினையுடைமைக்கு இன்னோர் அதிகாரமும் (62) இருப்பதைச் சொல்லியிருந்தால் தமிழருக்கு இன்னும் பதிந்திருக்கும்.

ஐந்தாம் வாரத்துக்கு அப்போஸ்தலர் 27. கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் பவுலுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பப் பார்க்கும்போது, "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்கிறார் பவுல். சேவகர் படகின் கயிறுகளை அறுத்து விடுகிறார்கள். முடிவு உறுதி, கயிற்றை அறுப்பதும் அவசியம். "எல்லாம் தீர்மானமாகிவிட்டால் ஏன் ஜெபிக்க வேண்டும்" என்பவருக்கு அரைமணி நேரத் தத்துவத்தைவிட இந்தக் கயிறு நன்றாகப் பதில் சொல்கிறது.

குறைகள் ஆறாம் வாரத்தில், சரித்திரப் பகுதியில். கொடுத்த தாளில் மூன்று பிழைகள், மூன்றும் சிறியவை அல்ல.

முன்குறித்தலை வலியுறுத்தும் கால்வினியப் போதனையின் சுருக்கமான ஐந்து அம்சங்களைச் சீர்திருத்தவாதி கால்வினே வகுத்ததாகத் தாள் சொல்கிறது. கால்வின் 1564லேயே இறந்துவிட்டார். அந்தப் போதனையை மறுத்த டச்சுப் போதகர் ஆர்மீனியஸைப் பின்பற்றியவர்கள் 1610ல் ஐந்து கூற்றுகள் வைத்தார்கள். அவற்றுக்குப் பதிலாக நெதர்லாந்தில் கூடிய டோர்ட் மாமன்றம் 1618–1619ல் எழுதியதே இந்த வரிசைக்கு வேர். யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது தெரியாவிட்டால் அந்த வாசகங்களின் காரம் ஏன் என்று புரியாது.

அடுத்தது, மனுஷன் சொந்தப் பலத்தால் விசுவாசிக்கிறான் என்று ஆர்மீனியஸின் வழிவந்தவர்கள் போதிப்பதாக எழுதியிருப்பது. 1610ன் மூன்றாம் கூற்று இதை வெளிப்படையாக மறுக்கிறது. தாள் சொல்லும் கருத்து பெலாகியஸுடையது, 418ல் கார்த்தேஜில் கண்டிக்கப்பட்டது. இதே பகுதியில் மெதடிஸ்ட் குடும்பங்கள் எத்தனை! அவர்களுடைய மூலவர் வெஸ்லி சொன்ன முந்தும் கிருபை, அதாவது மனுஷன் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அவனைத் தொட்டு, பதில் சொல்லும் திராணியைத் தருகிற கிருபை, அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

மூன்றாவது, லூத்தரையும் கால்வினையும் ஒரே பெட்டியில் போட்டது. மனுஷ சித்தம் அடிமைப்பட்டது என்று லூத்தர் 1525ல் எழுதியது உண்மை. ஆனால் 1577ன் லூத்தரன் விசுவாச அறிக்கை, கெட்டுப்போகிறவர்களின் அழிவுக்குத் தேவனுடைய தெரிந்துகொள்ளுதல் காரணம் அல்ல என்கிறது. கத்தோலிக்கர் பக்கம், கிருபையும் மனுஷ சித்தமும் எப்படிச் சேருகின்றன என்று இயேசு சபையின் மொலினாவும் தொமினிக்கன் சபையின் பானியேஸும் தொடங்கிய வாதத்தைப் போப்பரசர் ஐந்தாம் பவுல் 1607ல் தீர்ப்புச் சொல்லாமலேயே நிறுத்தி, இரு தரப்பாரும் ஒருவரையொருவர் பதிதர், அதாவது சத்தியத்தை விட்டு விலகியவர், என்று அழைக்கத் தடை விதித்தார். இது தாளில் ஒரு வரிகூட இல்லை.

ஏழாம் வாரத்தில் "சித்தம்" என்ற சொல்லுக்கு இருபதே நிமிடம். எபேசியர் 1:11ல் அது தேவனுடைய தீர்மானம், 1 தெசலோனிக்கேயர் 4:3ல் அவருடைய கட்டளை. இரண்டையும் கலந்துவிடுவதால்தான் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் "எல்லாம் தேவசித்தம்மா" என்று சொல்லிவிட்டு வருகிறோம். இதற்கு முழு வாரம் வேண்டும். ஆறாம் வாரத்தைத் திருத்திச் சுருக்கினால் நேரம் கிடைக்கும். எட்டாம் வாரம் கேள்வி நேரம், சுமார்.

வகுப்பு சனிக்கிழமை மாலை 3 முதல் 5 வரை. அந்த நேரத்தில் பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்த அரைமணி நேரம் சுற்ற வேண்டிவரும். கிள்ளான், காஜாங் பக்கமிருந்து வருபவர்கள் கொம்யூட்டர் ரயிலில் வந்து கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடுவது நல்லது. தாளின் எழுத்து பொடி, கண்ணாடி அவசியம். முதல் வாரம் அறிமுகம்தான், தவறினாலும் பிடித்துக்கொள்ளலாம். இரண்டாம் வாரம் தவறினால் அந்த நிறத் தாளை வாங்கி வீட்டில் தீட்டிவிட்டு மூன்றாம் வாரத்துக்குப் போங்கள். பென்சில் அங்கே போதாது, சொந்தமாகக் கொண்டுபோங்கள்.