பாக்கி கேட்க எது தோது: வாய்ஸ் நோட்டா, தமிழ் டைப்பிங்கா?

எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். பொருளாளர் என்ற பெயரில், பராமரிப்புப் பணம் பாக்கி வைத்தவர்களிடம் கேட்கும் வேலை என் தலையில் விழுந்து ஒன்றரை வருடமாகிறது. கதவைத் தட்டிக் கேட்டால் கந்துவட்டிக்காரன் மாதிரி ஆகிவிடும். போன் போட்டால் எடுக்க மாட்டார்கள். மிச்சம் வாட்ஸ்அப்தான். அதில் தங்கிலீஷ், வாய்ஸ் நோட், தமிழ் எழுத்து மூன்றையும் பார்த்துவிட்டு, இப்போது தமிழ் எழுத்தில் வந்து நிற்கிறேன்.

தங்கிலீஷைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேகம் உண்டு, குறில் நெடில் கிடையாது. "நாளைக்கு நோட்டீஸ் போட" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, "சொல்லியிருக்காங்க" என்று அடுத்த வரியைத் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் முதல் வரியின் கடைசி நான்கு எழுத்தை, பி-ஓ-டி-ஏ, ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் 'போடா' என்று படித்துவிட்டார். அன்றோடு விட்டேன்.

வாய்ஸ் நோட்டுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். தொனியைக் கொண்டுசேர்ப்பதில் குரல்தான் கெட்டி. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சொன்னது கிண்டலா நிஜமா என்று மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 சதவீதம்தான் சரியாகக் கண்டுபிடித்தார்கள். காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி சரியாக வரும். எழுதியவர்கள் எதிர்பார்த்ததோ 78. குரலில் கேட்டவர்கள் முக்கால்வாசி சரியாகச் சொன்னார்கள்.

எனக்கு இடித்தது அங்கேதான். இரவு ஒன்பது மணிக்கு, கணக்கு நோட்டை மூடிவிட்டு, "பரவாயில்லைங்க, மெதுவா குடுங்க" என்று ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினேன். வார்த்தையில் குறை இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு பதிவாகியிருந்தது. அதை ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்டிருக்கிறது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. போதாததற்கு 2021 முதல் இரண்டு மடங்கு வேகத்தில் வேறு கேட்கலாம். அந்த வேகத்தில் தாலாட்டுகூடத் திட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

தமிழ் எழுத்தில் தொனி வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. அந்த வாலை அனுப்புவதற்கு முன்னால் நிதானமாகத் திருத்தலாம். "அனுப்பவும்" என்றால் தாலுகா ஆபீஸ். "அனுப்புங்க" பரவாயில்லை. "அனுப்பிடுங்களேன்" என்றால் கேட்பவருக்கும் கொஞ்சம் கூச்சம் இருப்பது தெரிகிறது, அதற்குத்தான் எனக்கு அதிகம் பதில் வந்தது. "வரலைங்க" என்பது தகவல், "வரலையே" என்பது புகார். ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் ஐந்து பொருள் சொல்கிறது. குத்திக்காட்டுவது என்று ஆறாவதை நாம் வாட்ஸ்அப்பில் சேர்த்திருக்கிறோம்.

இன்னொன்று, 'உங்க பாக்கி' என்று ஆரம்பிப்பதை நிறுத்தினேன். "மார்ச் மாசத்துது மட்டும் இன்னும் கணக்குல ஏறலைங்க" என்று எழுதினால் குறை கணக்கு நோட்டுக்குப் போய்விடுகிறது. அனுப்பிய பிறகு உறுத்தினாலும் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். 2023-இல் வந்த வசதி அது. வாய்ஸ் நோட்டில் பெருமூச்சை மட்டும் வெட்டி எடுக்க முடியாது, அழித்துவிட்டு மறுபடி பேச வேண்டும். அழித்த தடயமும் அங்கேயே நிற்கும்.

ஆனால் எல்லா இடத்திலும் இது எடுபடாது. கூடப் படித்த நண்பனுக்குப் பழக்கதோஷத்தில் 'ங்க' போட்டேன். "என்னடா, கோபமா?" என்று உடனே போன் வந்தது. துக்கம் விசாரிக்க இன்றும் குரல்தான், அதுவும் நேரடி அழைப்பு. தமிழ் படிக்கத் தெரியாத இரண்டு குடும்பங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறேன். அங்கே நான் எப்படித் தொனிக்கிறேன் என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. இரண்டு பேரும் முதல் தேதியே கட்டிவிடுவதால் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை.

மூன்று வீட்டுப் பாக்கி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் லிப்டில் பார்த்தால் இப்போது பேசுகிறார்கள்.