கம்போஸ்ட் பின் வாங்கலாமான்னு கேட்ட மதினிக்கு

கீழக்கரை மதினி நேத்து போன் போட்டு, ஆன்லைன்ல கம்போஸ்ட் பின் (சமையக்கட்டுக் கழிவ மக்க வச்சு உரமாக்குற தொட்டி) வெல கொறஞ்சிருக்கு, ஒண்ணு போட்டுறவான்னு கேட்டாக. நான் அத வாங்கி ரொம்ப நாளாச்சு, போன வாரம்தான் ரிப்பேரும் பாத்தேன், அதனால மொதல்ல அந்தக் குழாயப் பத்திதான் சொல்லணும்.

அடியில தண்ணி எறங்குறதுக்கு ஒரு குட்டிக் குழாய் வச்சிருக்கான் பாருங்க, அது மாதிரி எரிச்சல் வேற எதுவும் இல்ல. டீத்தூளும் முட்டை ஓடும் சல்லடத் தட்டு வழியா எறங்கிப் போயி அடைச்சுக்கும், தண்ணி வெளிய வராம உள்ளயே தேங்கும், காத்து போகாம நாறும். ஈர்க்குச்சிய விட்டுக் குத்தி குத்தி எனக்கு வெறுத்துப் போச்சு. குழாய் மட்டும் குடுங்கன்னு கேட்டா புது பின்னே வாங்கிக்கங்கன்றான், கடுப்பு வருமா வராதா? கடைசில பைப் கடையில ட்ரம்முக்குப் போடுற பெரிய குழாய் வாங்கி வாசர் வச்சு மாட்டினோம், இப்ப தேவல.

ஆனா உள்ள நடக்குற வேலைய குத்தம் சொல்ல முடியாது. காய்கறித் தோல் ஒரு பங்குன்னா வேப்பஞ்சருகோ தேங்காநார்த் தூளோ ரெண்டு பங்கு போட்டா வாடையே வராது, வந்தா ஈரம் கூடிப்போச்சுன்னு அர்த்தம், இன்னும் ரெண்டு கை சருகு போட்டுக் கிளறிவிட்டாப் போதும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல எல்லாம் காஞ்சு போயிரும், கழனித் தண்ணி தெளிச்சுக்குவேன், நல்ல தண்ணிக்குக் கொடம் தூக்குற ஊருல அதுக்குப் போயி தண்ணி செலவழிக்க முடியுமா.

மீன் கழிவ மட்டும் இதுல போடாதீங்க, புழு வச்சிரும். நம்ம வீட்டுல சூடையும் சங்கராவும் கழுவாத நாள் ஏது? கொடலு செதிலு எல்லாத்தையும் ஒரு வாளியில போட்டு எடைக்கு எடை வெல்லத்த நுணுக்கிப் போட்டு மூடி நெழல்ல வச்சிருங்க. மூணு வாரம் கழிச்சு தெறந்தா நாத்தம் போயி பழ வாசன வருது, தேன் நெறத்துல சாறு! மொத தடவ என்னால நம்பவே முடியல. லிட்டர் தண்ணிக்கு 10 மில்லி கலந்து முருங்கைக்குத் தெளிச்சேன், அந்தத் துளுரப் பாக்க அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

பால் கவர வெட்டும்போது மூலைய தனியா துண்டாக்காம ஒட்டுனாப்புல விடுங்க, அந்தத் துண்டு ரொம்ப சின்னது, யாரும் பொறுக்க மாட்டாக, காத்துல பறந்து கடலுக்குத்தான் போகும். மன்னார் வளைகுடாவுல ஆமை கவர சொறி மீனுன்னு (ஜெல்லி மீன்) நெனச்சு முழுங்கிருது. கவர அலசிக் காயவச்சா பழைய பேப்பர் கடைல எடுத்துக்கிறாக. சிப்ஸ் பாக்கெட்ட எடுக்க மாட்டாக, பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக் கெடக்கும், பிரிக்க முடியாது, அத வாங்குறதயே கொறச்சுட்டோம்.

மக்குற குப்பை, மக்காத குப்பைன்னு வீட்டுலயே பிரிச்சுக் குடுக்கணும்னு 2016லயே விதி வந்துருச்சு, நானும் பிரிச்சு தனித்தனியாத்தான் குடுக்குறேன், ஆனா வண்டியில ஒண்ணாக் கொட்டும்போது வயிறு எரியுது. பக்கத்து வீட்டு அக்கா "அப்பறம் எதுக்குடி பிரிக்கிற"ன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? அதான் மக்குறத வாசலத் தாண்ட விடுறதே இல்ல.

மதினி, இவ்வளவு சொல்லிட்டு இப்படிச் சொல்றேனேன்னு நெனைக்காதீங்க, பின் வாங்க வேணாம். பழைய பெயிண்ட் வாளியில சுத்தியும் அடியிலயும் ஓட்ட போட்டு ரெண்டு செங்கல் மேல வைங்க, கீழ ஒரு தட்டு. குழாயே வேணாம்.