பைக் டாப் பாக்ஸில் ரேடியோ ஆன்டெனா மாட்டக் கொடுக்கப் போகிறீர்களா, கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்

போன மாதம் கொல்லிமலையில் எங்களோடு வந்த நண்பர் வண்டி சறுக்கி விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்து என்னை ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். முன்னால் போன எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அதுவும் 11,800 ரூபாய் கொடுத்து ஆன்டெனா வேலை செய்து வாங்கிய பத்தாவது நாள்.

கடைப் பெயர் இங்கே வேண்டாம், புகார் கொடுக்கப் போகிறேன். சென்னையில் பைக் பாக்ஸ், கிராஷ் கார்டு, விளக்கு எல்லாம் மாட்டித் தரும் கடை. என்னுடையது சாவியைத் திருகினால் கையோடு வந்துவிடும் பிளாஸ்டிக் டாப் பாக்ஸ். ஆன்டெனா பாக்ஸ் மூடியிலேயே இருக்க வேண்டும், ராத்திரி லாட்ஜில் பாக்ஸைக் கழற்றும்போது வயரும் சுலபமாகக் கழல வேண்டும், இவ்வளவுதான் கேட்டேன். நானும் நண்பரும் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், 144–146 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் கையடக்க செட்டில் பேசுவோம், மலையில் போன் சிக்னல் போனாலும் இது கைகொடுக்கும் என்று நம்பித்தான் இத்தனை செலவு.

வண்டியை எடுக்கப் போனபோது கடைக்காரர் மீட்டர் வைத்துக் காட்டினார். எஸ்.டபிள்யூ.ஆர். 1.2. ஆன்டெனாவுக்கு அனுப்புகிற சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று சொல்லும் எண் அது, 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. "பாத்தீங்களா சார், இதுக்கு மேல யாரும் செய்ய முடியாது" என்றார். எனக்கும் சந்தோஷம், வீடியோகூட எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர் அளந்தது வண்டியில் இல்லை. பட்டறை மேஜை மேல் ஆன்டெனாவை நிறுத்தி அளந்தார், அது பெரிய இரும்புத் தகடு போட்ட மேஜை. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இந்த மாதிரி கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) ஆன்டெனா சுமார் 49 சென்டிமீட்டர் கம்பிதான். ஆனால் கம்பி பாதி ஆன்டெனா, மீதிப் பாதி அதன் அடியில் இருக்கும் உலோகம். காரில் கூரைத் தகடு அந்த வேலையைச் செய்துவிடும். பிளாஸ்டிக் பாக்ஸ் மூடியில் அப்படி எதுவுமே கிடையாது. மேஜையில் 1.2 காட்டியது அந்த மேஜையின் புண்ணியம்!

சரி, கொல்லிமலைக்கு வருகிறேன். காரவள்ளி அடிவாரத்தில் பேசிப் பார்த்தோம், பத்தடித் தூரம், கேட்டது. மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொரு வளைவிலும் வண்டி குலுங்கிக்கொண்டே போனது. செம்மேட்டில் நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்தோம், பின்னால் வந்த வண்டியைக் காணோம். செட்டில் இரைச்சல் மட்டும். ஏதோ தோன்றி, வண்டியில் இருந்து வந்த கேபிளைக் கழற்றிவிட்டு செட்டோடு வந்த குட்டி ரப்பர் ஆன்டெனாவைத் திருகினேன். அடுத்த நொடி அவர் குரல். "நாப்பது தடவை கூப்பிட்டேன் மச்சான்" என்றார். அந்தக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை. நல்ல வேளை எலும்பு முறியவில்லை, சதை கிழிந்ததோடு போயிற்று.

திருச்சி வந்ததும் எங்கள் வட்டத்தில் மூத்தவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன், போலீஸ் வயர்லெஸ்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பாக்ஸை வண்டியில் மாட்டியபடியே மீட்டரை வைத்தார். 3.8. அதாவது அனுப்புகிற சக்தியில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி செட்டுக்கே வருகிறது. அப்புறம் பாக்ஸுக்கு அடியில் இருந்த இணைப்பை ஒரு விரலால் லேசாக அசைத்தார், முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. "தம்பி, இங்க பாரு" என்று கறுப்பு டேப்பைப் பிரித்தார்.

உள்ளே இருந்தது இண்டிகேட்டருக்குப் போடும் இரண்டு பின் பிளாஸ்டிக் கப்ளர். கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றி இருக்கும் வெளிப் பின்னலைப் பிரித்து, வால் மாதிரி முறுக்கி ஒரு பின்னில் திணித்திருந்தார்கள். அந்தக் கேபிளே ரேடியோ கேபிள் இல்லை, வீட்டு டிஷ் கேபிள், 75 ஓம். செட்டுக்கு வேண்டியது 50 ஓம், இரண்டும் பொருந்தாது. டிஷ் கேபிளின் நடுக்கம்பி ஒற்றைக் கம்பி, வண்டி அதிர்வில் ஒடியும். பின்னல் அலுமினியம், சாதாரண ஈயப் பற்று அதில் பிடிக்காது, அதனால்தான் வெறுமனே முறுக்கி விட்டிருக்கிறார்கள். பாக்ஸ் அடியில் போட்ட துளைக்கு ரப்பர் வளையம்கூட இல்லை, ஓரம் அறுத்து அறுத்துக் கேபிளின் மேல்தோல் அரை இன்ச் கிழிந்து, உள்ளே மழைத்தண்ணீர் இறங்கிப் பின்னல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பத்து நாள் வேலை இது.

அவர் செய்த மாற்று ரொம்ப எளிமை. ஆன்டெனாவைப் பாக்ஸில் இருந்தே எடுத்துவிட்டார். பின் கேரியர் இரும்புச் சட்டத்தில் ஒரு எல் பிராக்கெட், அடியில் பெயின்ட்டைச் சுரண்டிப் பல் வாஷர், அங்கிருந்து சேஸிஸுக்கு ஒரு பட்டைக் கம்பி, அதாவது வண்டியின் இரும்பே அந்த மீதிப் பாதி, செட் வரைக்கும் ஆர்.ஜி.58 என்ற 50 ஓம் ரேடியோ கேபிள். பாக்ஸ் பிளாஸ்டிக் என்பதால் பக்கத்தில் இருந்தாலும் சிக்னலை மறைக்காது, பாக்ஸைக் கழற்றும்போது ஆன்டெனாவைத் தொடவே வேண்டாம். வண்டியில் வைத்து அளந்ததில் 1.4. சாமான் செலவு ஆயிரத்துக்குள். பாக்ஸில்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் மூடிக்கு உள்ளே அகலமான அலுமினியத் தகடு போட்டு, கழற்றும் இடத்தில் பி.என்.சி. கனெக்டர் கேளுங்கள். கால் திருகு திருகினால் கழன்றுவிடும், 50 ஓம் வகையாகக் கேளுங்கள், சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். இண்டிகேட்டர் கப்ளரைக் காட்டினால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மீட்டர் வைப்பதானால் பாக்ஸ் மாட்டி, வண்டி வெளியே நிற்கும்போது வைக்கச் சொல்லுங்கள், வைக்கும்போது கேபிளைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "நீங்க வெளியில குடுத்துப் பிரிச்சிட்டீங்க சார், வாரண்டி போச்சு. மீட்டர்ல காட்டித்தானே குடுத்தேன்" என்றார். இரண்டாவது தடவை போனை எடுக்கவில்லை. வண்டியை எடுத்த அன்று பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டு பின்னால் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார், நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தக் கார்டு, யுபிஐ கட்டிய ரசீது, இரும்பு மேஜை தெரிகிற அந்த வீடியோ, பிரித்த கப்ளர் நாலும் கையில் இருக்கிறது. நாளைக்கு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன். இதே போல வேலை செய்து வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே பாக்ஸுக்கு அடியில் அந்த டேப்பைப் பிரித்துப் பாருங்கள்.