மலைத்தேனுக்கு எது முதலில்: ஐசோடோப்பா, என்.எம்.ஆரா?

கோத்தகிரிப் பக்கம் பாறையில் எடுக்கும் பெருந்தேன், தாண்டிக்குடி காப்பித் தோட்டத்துப் பெட்டித்தேன் என்று சிறு அளவில் விற்பவர்களுக்குக் கலப்படச் சோதனை ஒன்றுக்குத்தான் பணம் கட்டுப்படியாகும். நாங்கள் தேர்ந்தது கார்பன் ஐசோடோப்புச் சோதனை. தேனில் கார்பன்-13, கார்பன்-12 என்ற இருவகைக் கார்பன் என்ன விகிதத்தில் இருக்கிறது என்று பார்ப்பது அது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி என்றால் இந்தப் பேச்சே இல்லை. 2020 ஆகஸ்ட் முதல் என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் வைத்துத் தேனின் சேர்மங்களை அறியும் சோதனை) கட்டாயம்.

என்.எம்.ஆர். ஒரே ஓட்டத்தில் சர்க்கரைகள், அமிலங்கள், எச்.எம்.எஃப். (தேன் சூடானாலோ பழசானாலோ கூடும் சேர்மம்) எனப் பலவற்றையும் அளந்துவிடும். ஆனால் அசலா போலியா என்ற தீர்ப்பை, சேமித்து வைத்த தேன் மாதிரிகளின் தொகுப்போடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். அந்த மாதிரிகளில் பெரும்பகுதி இத்தாலியத் தேனீயின் தேன். ஈரம் மிகுந்து லேசாகப் புளிக்கத் தொடங்கிய பெருந்தேன் அதோடு பொருந்தாமல் போனால், விளக்கம் சொல்லும் சுமை விற்பவர் தலையில்.

ஐசோடோப்பில் ஒப்பிட வேண்டிய அளவுகோல் அதே புட்டிக்குள் இருக்கிறது. கார்பன் விகிதம் ஒரு பொது அளவுகோலிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை விலகுகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். நம் மலைப் பூக்களின் தேன் பெரும்பாலும் −25 அருகில் நிற்கும். கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரை −11 அருகில். தேனை நீரில் கரைத்து, சோடியம் டங்ஸ்டேட்டும் நீர்த்த கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் புரதம் திரண்டு படியும். அதைக் கழுவி உலர்த்தித் தனியாக அளக்கிறார்கள். சர்க்கரை கலந்தால் தேனின் எண் நகரும், புரதத்தின் எண் நகராது. இடைவெளி 1 வந்தால் கலப்பு ஏறத்தாழ 7%, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் வரம்பும் அதுவே. எந்தப் பூ, எந்தத் தேனீ என்ற கேள்விக்கே இடமில்லை. மலைத்தேனுக்கு இதைவிட நியாயமான சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

கெடுவது மாதிரி எடுப்பதில். கையால் அடையைப் பிழிந்த தேனில் மெழுகும் மகரந்தமும் புழுச்சாறும் இருக்கும். அவை புரதத்தோடு சேர்ந்தால் ஒப்பீட்டு எண்ணே பிசகும். 100 மெஷ் (அங்குலத்துக்கு 100 கண்) வலையில் வடிகட்டிய பிறகே சோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். எல்லா டின்னையும் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால், கெட்ட டின் ஒன்று நல்லவற்றுக்குள் கரைந்து 7%க்குக் கீழே ஒளிந்துகொள்ளும். பாறைத்தேன் வேறு, பெட்டித்தேன் வேறு, டின்னுக்கு ஒரு புட்டி. மழைக்காலத்தில் பெட்டிக்கு வைத்த சர்க்கரைப் பாகு அடையில் தங்கியிருந்தாலும் சோதனை காட்டிக்கொடுக்கும். யாரும் கலக்கவில்லை என்றாலும் அந்த டின் தேறாது.

இதன் பெரிய ஓட்டை அரிசிப் பாகும் பீட் சர்க்கரையும். அவை பூந்தேனின் எண்ணுக்கு அருகிலேயே இருப்பதால் சாதாரண ஐசோடோப்பில் தப்பிவிடும். வெளியாரிடம் வாங்கி விற்பவர்கள், ஒவ்வொரு சர்க்கரையையும் பிரித்து அளக்கும் எல்.சி. ஐசோடோப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அங்கே என்.எம்.ஆருக்கும் மதிப்பு உண்டு. ஆன்டிபயாடிக் எச்சத்தை இரண்டுமே சொல்லாது, அதற்கு எல்.சி.எம்.எஸ். தனி. கொசுத்தேனுக்கு (கொட்டாத சிறு தேனீயின் தேன்) மேலே சொன்னதை அப்படியே பொருத்தாதீர்கள், அதன் ஈரமும் சர்க்கரை அமைப்பும் வேறு.

பணம் கட்டுமுன் ரெஃப்ராக்டோமீட்டரில் ஈரம் பாருங்கள். 20% தாண்டினால் மற்றவை தேறியும் பயனில்லை. உதகைக் காலைக் குளிரில் கருவி ஈரத்தைக் குறைத்துக் காட்டும். தேனும் கருவியும் 20 டிகிரிக்கு வந்தபின் அளவெடுங்கள்.