சிவப்பு அறையும் சேதுபதி சுவரும்

கீழக்கரையில் எங்கள் வீட்டு உள்கூடத்தை வரைய உட்கார்ந்தேன். முன்மாதிரிக்கு இரண்டு இருந்தன: பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1908-இல் வரைந்த சிவப்பு அறை, ராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்கள். முதலாவதைப் பார்க்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போக வேண்டும். மற்றதற்கு டவுன் பஸ் போதும்.

மத்தீஸின் பெண் குனிந்து மேசையில் பழங்களை அடுக்குகிறாள். விரிப்பில் ஓடும் நீலக்கொடி அப்படியே சுவரிலும் ஏறிவிடுகிறது. மேசை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது? சட்டென்று பிடிபடாது. முதலில் நீலமாக இருந்த படம் அது, அப்புறம்தான் சிவப்பாக்கினார். நெசவு ஊரில் வளர்ந்த மனுஷர், கேட்கவா வேண்டும்!

சேதுபதி சுவர்களிலும் சிவப்புக்குக் குறைவில்லை. 18-ஆம் நூற்றாண்டு வேலை. கட்டங்கட்டமாகக் கதை ஓடும். பெண்களின் உடையிலும் பூவேலை உண்டு.

என் சாய்வு மத்தீஸ் பக்கம். உம்மா பாயில் உட்கார்ந்து கொட்டான் பின்னும்போது சாய ஓலையும் சேலைப் பூவும் ஒன்றாகக் கலந்துவிடும். அதைக் கட்டம் போட்டுப் பிரிக்க மனம் வரவில்லை. முகத்துக்கு மட்டும் அரண்மனைக்குத்தான் போக வேண்டும். மத்தீஸ் பெண்ணுக்கு முகம் பெயருக்குத்தான் இருக்கிறது.