காரைக்குடியில் ஒரு கேரியர் சாப்பாடு: பத்து மாத அனுபவம்

கழனிவாசலில் தம் வீட்டின் இரண்டாங்கட்டிலேயே சமைத்துக் கேரியர் அனுப்பும் ஓர் ஆச்சியிடம் பத்து மாதங்களாக, கணவர் ஊரில் இல்லாத நாட்களில், இரவுச் சாப்பாடு வாங்கி வருகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. மூன்று பேருக்கான கேரியருக்கு 220 ரூபாய் வாங்குகிறார்கள்.

என் கணவர் வேதாகம (பைபிள்) மொழிபெயர்ப்பு ஆலோசகர். ஒடிசாவின் கொராபுட் மலைப்பகுதியில், அவ்வூர்க்காரர்களே தம் தாய்மொழியில் எழுதிய வரைவை முதலில் கிராமத்தாரிடம் வாசித்துக் காட்டி, புரிகிறதா என்று சோதிப்பார்கள். பிறகு, மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை என் கணவருக்குத் தெரிந்த மொழி ஒன்றுக்குச் சொல்லுக்குச் சொல் திருப்பித் தருவார். அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு குழுவினரோடு வசனம் வசனமாகச் சரிபார்ப்பதுதான் இவர் வேலை. விடியலில் பல்லவன் ரயிலைப் பிடித்துச் சென்னை, அங்கிருந்து விசாகப்பட்டினம், பின்னர் அரக்கு வழியாக மலையேறும் ரயில் என்று போய்ச் சேரவே இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிடும். பதினைந்து நாள் என்று புறப்பட்ட பயணம் இருபத்து மூன்று நாளாக நீண்டதும் உண்டு. நானோ பள்ளி ஆசிரியை. வீட்டில் எழுபத்தெட்டு வயது அத்தையும் ஏழு வயது மகளும் இருக்கிறார்கள்.

இதற்கு முன் வேறொரு இடத்தில் மாதக் கணக்கில் வாங்கினோம். கணவர் திரும்பி வந்து, நாங்களே வீட்டில் சமைத்த நாட்களுக்கும் பணம் பிடித்துக்கொண்டார்கள். அவர் வருகை தள்ளிப்போனால், மறுநாள் கேரியருக்கு இடமில்லை என்றார்கள். எங்களைப் போல் தேதி நிச்சயமில்லாத குடும்பத்துக்கு ருசியைவிட முக்கியமானது இதுதான். இந்த ஆச்சியோ, காலை பத்து மணிக்குள் சொல்லிவிட்டால் போதும் என்கிறார், முன்பணமும் கேட்பதில்லை. முதல் முறை தயங்கித் தயங்கி நான் நிலைமையை விளக்கியபோது, "எங்க ஐயா பர்மாவுக்குப் போனா மூணு வருசக் கணக்கு முடிச்சுத்தான் வருவாக, டீச்சர். அப்பத்தா தனியாத்தான் வீட்டப் பாத்தாக. உங்களுக்கு நாள் முன்னப்பின்ன ஆனா நான் கோவிச்சுக்குவேனா?" என்றார். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின் ஊரில் இதை நான் விளக்கியிருக்கவே வேண்டாம்.

இனி சாப்பாடு. வெண்டைக்காய் மண்டியை அரிசி கழுவிய நீரில் முறையாக வைக்கிறார். புளிப்பும் கெட்டித்தன்மையும் அளவோடு இருக்கும். இட்லி வரும் நாளில் கத்தரிக்காய்க் கோசமல்லியும் கூடவே வரும். அத்தை அதற்காகவே அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்பார். குறையென்றால், கோழிக் குழம்பில் காரம் குழந்தைக்கு ஆகாது. மூன்று முறை சொல்லியும் ஒரு முறைதான் குறைத்தார்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் எட்டரை மணிக்கு மேல்தான் கேரியர் வந்தது, அதுவும் வேறு வீட்டுக்கு உரியது. திறந்து பார்த்தால் உள்ளே ஒருவருக்கான ரசமும் சோறும் மட்டுமே.

மற்ற நாட்களில் ஏழு மணிக்கு வாசலில் மணி அடிக்கும். ஏழரைக்குத்தான் மலைப்பகுதியில் ஓரளவு சிக்னல் கிடைத்துக் கணவர் அழைப்பார் என்பதால், அந்த அரை மணி நேரம் எனக்குப் பெரிது. முன்பெல்லாம் தோசைக்கல்லின் முன் நின்றபடி "ம்" கொட்டிக்கொண்டிருப்பேன். இப்போது உட்கார்ந்து பேச முடிகிறது. ஒரு மாலை, கேரியரின் மேலடுக்கில் ஆச்சி சும்மா வைத்து அனுப்பிய கந்தரப்பத்தை மகள் கேமரா முன் நீட்டி, "அப்பா, உங்க ஊர்ல அப்பத்துக்கு என்ன பேரு?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, அன்று பகல் முழுவதும் அதே கேள்வியில்தான் போயிற்று என்றார். ராகிக் கஞ்சி குடிக்கும் மக்களுக்கு அப்பம் என்று எதைச் சொல்வது? நம் தமிழ் வேதாகமமே 'ஜீவ அப்பம்' என்று ஓரிடத்தில் வைத்துவிட்டு, பரமண்டல ஜெபத்தில் 'ஆகாரம்' என்றுதானே வைத்திருக்கிறது என்று அவர் சொல்ல, அத்தை தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரவில் கேரியர் இல்லை என்பதையும், பாத்திரத்தைக் கழுவித்தான் திருப்பித் தர வேண்டும் என்பதையும் புதிதாக வாங்குவோர் தெரிந்துகொள்வது நல்லது. கணவர் வரும் 12ஆம் தேதி மீண்டும் புறப்படுகிறார். அன்றிலிருந்து மூவருக்குச் சொல்லிவிட்டேன். காரத்தைக் குறைக்கும்படி நான்காவது முறையாகவும் சொல்லியிருக்கிறேன்.