செஸ்னா 172எஸ்: எட்டு வருடம் ஓட்டிய அனுபவம்

இந்த விமானத்தைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் எத்தனை நாட் (மணிக்கு எத்தனை கடல் மைல்) வேகம் போகும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எட்டு வருடம் ஓட்டியபின் நான் முதலில் பார்ப்பது வெயிலையும் எடையையும்தான்.

கடல் மட்டத்தில், 15 டிகிரியில், முழு எடையோடு 960 அடி ஓடினால் தரையை விட்டு எழும்பிவிடும் என்கிறது கையேடு. 3,500 அடி உயரத்திலுள்ள ஓர் ஓடுதளத்தில், 35 டிகிரி வெயிலில், மூன்று பேரோடு கிளம்பிய அன்றுதான் அந்த எண் எந்த நாளுக்கானது என்று எனக்கு உறைத்தது. அந்த உயரத்துக்கு இயல்பான வெப்பம் 8 டிகிரி. கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்தால், விமானத்தைப் பொறுத்தவரை அது 6,700 அடி உயரத்துக் காற்று. 180 குதிரைத்திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். நானோ மெலிந்த காற்றுக்கு ஏற்றபடி மிக்ஸ்சரை, அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை, குறைக்காமல் முழு ரிச்சிலேயே விட்டிருந்தேன். வேகமானி வழக்கமான எண்ணைத்தான் காட்டியது. ஆனால் காற்று மெலிந்திருந்ததால் உண்மை வேகம் அதைவிட அதிகம், அதை எட்ட ஓடவேண்டிய தூரமும் அதிகம். ஓடுபாதையின் முடிவு நெருங்கி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, வரும் தூரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்கிறேன். அட்டவணை புது விமானத்தையும் தேர்ந்த கையையும் வைத்துப் போட்டது.

இருக்கை நான்கு என்றாலும் டேங்க் நிரம்பியிருந்தால் நான்கு பேர் ஏற முடியாது. உச்ச எடை 1,157 கிலோ. நாங்கள் ஓட்டும் விமானத்தின் வெற்று எடை 775, முழு எரிபொருள் சுமார் 145. மிச்சம் 237 கிலோ, அதாவது மூன்று பேர், பெட்டி இல்லாமல்.

பின்காற்றையும் லேசாக நினைக்காதீர்கள். 2 நாட்டுக்கே ஓட்டதூரம் 10 சதவீதம் கூடும். காய்ந்த புல்தரை என்றால் தரையோட்டத்தில் 15 சதவீதம் சேர்க்க வேண்டும்.

எனக்குப் புரிய நாளானது கொந்தளிப்பில் பறக்கும் வேக வரம்பு. முழு எடையில் 105 நாட். 862 கிலோவில் 90தான். எடை குறைந்தால் விமானம் இன்னும் தாங்கும் என்றுதான் தோன்றும். சரி, நடப்பது என்ன? கனமான விமானம் பலமான காற்று வீச்சில் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து, சுமை ஏறாமல் தப்பிக்கும். அதே வேகத்தில் லேசான விமானம் ஸ்டால் ஆகாமல் அந்த அடியை முழுதாக வாங்கும். அதனால் தனியாகப் போகும் நாட்களில், மதிய வெப்பக்காற்று தூக்கிப்போட ஆரம்பித்ததுமே த்ராட்டிலைக் குறைத்துவிடுகிறேன்.